களிக்குத் துணை கடலை: இல்லத்துப் பங்கும் சமைக்கும் முறையும்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி தாலூகாக்களில் ராகிக் கதிர் களம் வந்து சேரும் நாட்களில், ஈரம் பிடித்து நிற்கும் நிலங்களில் சிலர் கொண்டைக்கடலை விதைப்பது வழக்கம். பனியையும் மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் கொண்டே வளரக்கூடிய பயிர் இது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் கோ 4 போன்ற குறுகிய வயதுடைய ரகங்கள் மூன்று மாதத்துக்குள் களத்துக்கு வந்துவிடும். விதைப்பு, உரம், பூச்சி ஆகியவற்றைப் பற்றி இலாகாவின் பிரசுரங்களில் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. விளைந்த கடலை குடியானவர் வீட்டு அடுப்புக்கு எவ்வளவு வந்து சேருகிறது, வந்தது எவ்வாறு சமைக்கப்படுகிறது என்பதைப் பற்றி எழுதியவர் சிலரே. இவ்வியாசம் அக்குறையை ஒருவாறு நிரப்பும் நோக்கத்துடன் எழுதப்படுகிறது.

நமது பக்கத்தில் நடப்பது யாதெனில், மாசி மாதத்தில் களத்து மேட்டிலேயே கடலை முழுவதும் விலையாகிவிடுகிறது. பின்பு அதே வீட்டார் ஆடி முதல் தை வரையில் கடலைப் பருப்பு, கடலை மாவு, பொட்டுக்கடலை ஆகியவற்றைக் கால் கிலோ, அரைக் கிலோப் பொட்டலங்களாகக் கடையில் வாங்குகிறார்கள். விற்றது ஒரு விலை, வாங்கியது வேறு விலை. இடையிலுள்ள நஷ்டம் பணத்தில் மட்டும் நிற்பதில்லை. கையிருப்பு இல்லாத வீட்டில் கடலை என்பது பண்டிகைப் பொருளாகி, அன்றாட ஆகாரம் வெறும் களியும் காரச் சாறுமாகச் சுருங்கிப்போகிறது. இதன் விளைவை முதலில் அடைவோர் குழந்தைகளும் கருவுற்ற பெண்களுமே.

1. பெயரைப் பற்றி

எல்லைப்புறத்தில் வசிக்கும் நமக்குக் கடலை என்னும் சொல்லே சில சமயம் குழப்பம் விளைவிக்கும். தமிழில் கடலை என்றால் ஆதியில் கொண்டைக்கடலையே. அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்த நிலக்கடலை பிற்காலத்தில் அப்பெயரில் பாதியைப் பங்கிட்டுக்கொண்டது. கன்னடத்தார் கொண்டைக்கடலையைக் கடலெ என்றும், நிலக்கடலையைக் கடலெக்காய் என்றும் பிரித்துச் சொல்லுவர். பெங்களூர் பசவனகுடியில் கார்த்திகை மாதத்தில் கூடும் கடலெக்காய்ப் பரிஷே நிலக்கடலைச் சந்தையே. தெலுங்கு பேசும் குடும்பங்களில் இது சனகலு, நிலக்கடலை வேருசனக. வித்துக்கோ விலைக்கோ பேசும்பொழுது இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கேட்டறிந்து கொள்ளுவது உத்தமம்.

கொண்டைக்கடலையில் இரண்டு இனம் உண்டு. சிறுத்து, பழுப்பாய், தோல் தடித்திருப்பது நாட்டுக் கடலை. பருத்து வெளுத்திருப்பது காபூலிக் கடலை. பருப்பாக உடைப்பதற்கும், வறுத்துப் பொட்டுக்கடலை செய்வதற்கும், மாவுக்கும் நாட்டுக் கடலையே ஏற்றது. காபூலி முழுதாக வேகவைத்து உண்பதற்கு உரியது. நமது நிலத்துக்கும் களிக்கும் பொருந்துவது நாட்டுக் கடலையே.

2. களியும் கடலையும் சேர்வதன் காரணம்

ராகி எளிய தானியமன்று. ஐதராபாத்திலுள்ள தேசியப் போஷணை ஸ்தாபனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்துப் பட்டியலின்படி, 100 கிராம் ராகியில் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் இதில் ஒரு சிறு பகுதியும் இல்லை. ஆயினும் உடலை வளர்க்கும் புரதம் ராகியில் 7 கிராம் அளவுக்கே உள்ளது. முழுக் கொண்டைக்கடலையிலோ ஏறக்குறைய 19 கிராமும், தோல் நீக்கிய பருப்பில் 21 கிராமுக்கு மேலும் உண்டு.

அளவைக் காட்டிலும் முக்கியமானது குணம். புரதம் என்பது பல சிறு கூறுகள் சேர்ந்து அமைந்தது. அவற்றுள் லைசின் என்னும் கூறு தானியங்களில் குறைவு. மெத்தியோனின் என்னும் கூறு பயறுகளில் குறைவு. கடலையில் லைசின் நிறைய இருக்கிறது. ராகியில் மெத்தியோனின் போதிய அளவு இருக்கிறது. ஆகையால் இரண்டையும் ஒன்றாக உண்ணும்பொழுது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்துவைக்கிறது. கன்னடத்தார் முத்தெ என்றும், தெலுங்கர் சங்கட்டி என்றும், நாம் களி என்றும் சொல்லும் உருண்டைக்குப் பக்கத்தில் பயறுச் சாறு வைக்க வேண்டும் என்ற நம் முன்னோரின் வழக்கம் இக்கால ஆராய்ச்சிக்கும் ஒத்ததாகவே இருக்கிறது. உடல் வருந்தி உழைப்பவனுக்குச் சாறு மட்டும் போதாது; சாற்றின் அடியில் பயறும் இருத்தல் வேண்டும்.

3. வேகாத கடலை: ஓர் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் தளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குடியானவர் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்து, ராகிக் களியும் கடலைச் சாறும் அங்கேயே சமைத்துக் காட்டுவதாக நான் அறிவித்திருந்தேன். கடலையை முன்னிரவே ஊறப்போட்டாயிற்று. காலையில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி அடுப்பில் ஏற்றி, நேரம் மிச்சப்படும் என்று எண்ணிப் புளியையும் தக்காளியையும் ஆரம்பத்திலேயே சேர்த்துவிட்டேன். இரண்டு மணி நேரம் விறகு எரிந்தது. பேச்சு முடிந்து, களியும் கிண்டி முடித்து, இலை போட்டபின் பார்த்தால் கடலை கல்லுப்போல் கிடந்தது. கூட்டத்தார் சிரித்தனர். சமைத்துக் காட்ட வந்தவன் தலை குனிந்து நின்றேன்.

அவ்வீட்டுப் பாட்டியம்மாள் அருகில் வந்து, "ஐயா, புளியைக் கண்ட கடலை வேகாது. இந்தப் போர்த் தண்ணீரும் அதற்கு ஆகாது. நாளைக்கு இருந்து பாருங்கள்" என்றார். மறுநாள் தொட்டியில் பிடித்து மூடிவைத்திருந்த மழைநீரில் அதே கடலையில் மிகுந்ததை வேகவைத்தார். முக்கால் மணிக்குள் விரலால் நசுக்கும் பதம் வந்துவிட்டது. புளியைப் பிறகே சேர்த்தார். அன்று நான் கற்றுக்கொண்டதையே இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

காரணம் இதுதான். பயறின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்னும் பசைப்பொருள். வேகும்பொழுது அது இளகினால்தான் பயறு மெத்தென்றாகும். கடின நீரிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் அப்பசையை இறுக்கிவிடுகின்றன. புளிப்பும் அது இளகுவதைத் தடுக்கிறது. பாறை நிலமாகிய நமது ஜில்லாவில் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானதே என்பது இங்கு நினைவில் வைக்கத்தக்கது.

இதிலிருந்து பின்வரும் விதிகள் கிடைக்கின்றன.

(அ) கடலையைக் கல், பூச்சி நீக்கிக் கழுவி, மூன்று மடங்கு நீரில் 8 முதல் 12 மணி நேரம் ஊறவைக்கவும். நன்றாக ஊறிய கடலை ஏறக்குறைய இரு மடங்கு எடையாகும். வெயில் காலத்தில் நடுவே ஒருமுறை நீரை மாற்றுவது நலம்.

(ஆ) உப்புப் போட்டால் கடலை வேகாது என்பது பரவலான நம்பிக்கை. ஊறவைக்கும் நீரில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சமையல் உப்புச் சேர்த்தால் தோல் இளகிச் சீக்கிரம் வேகிறது என்பதே உண்மை. வேகாமல் தடுப்பது புளியும் கடின நீருமேயன்றி உப்பன்று.

(இ) ஊறிய நீரைக் கொட்டிவிடலாம். வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்நீருடன் போய்விடும். வெந்த நீரை மட்டும் கொட்டவே கூடாது. அதைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

(ஈ) வேகவைப்பதற்கு மழைநீரோ, வேறு மென்மையான நீரோ கிடைத்தால் உபயோகிக்கவும். கடின நீரைக் காய்ச்சி ஆறவைத்துத் தெளிந்த மேல்நீரை எடுத்தாலும் ஓரளவு பயன் உண்டு.

(உ) சோடா மாவு இட்டால் விரைவில் வேகும் என்பது மெய்யே. எனினும் தையமின் என்னும் வைட்டமின் அதனால் அழியும், ருசியும் மாறும். அவசரத்துக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

(ஊ) உஷ்ணமும் ஈரமும் உள்ள அறையில் வருஷக் கணக்காகக் கிடந்த கடலை எந்த நீரிலும் எளிதில் வேகாது. ஆதலால் பழைய சரக்கை முன்னதாகச் செலவிடுக.

பிரஷர் குக்கரில் ஊறிய நாட்டுக் கடலைக்கு 15 முதல் 20 நிமிஷம் போதும். திறந்த பாத்திரத்தில் ஒரு மணிக்கு மேலும் ஆகலாம். விறகு விலையையும் எரிவாயு விலையையும் எண்ணினால் ஓர் இரவு ஊறவைப்பதே பெரிய சிக்கனம்.

4. கொழுந்தும் பச்சைக் கடலையும்

கடலைப் பயிரின் பயன் விதை முற்றிய பிறகே தொடங்குகிறது என்று எண்ணவேண்டாம். விதைத்த 30 முதல் 40 நாளில் நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். கிள்ளிய கொழுந்து நல்ல கீரை. கடலை இலைகளின்மேல் புளிப்பான ஒரு நீர் சுரக்கிறது. அதிகாலையில் வயலுக்குள் நடப்பவர் வேட்டியிலும் காலிலும் படுவது அதுவே. அப்புளிப்பினால் இக்கீரைக்குத் தனிப் புளி தேவையில்லை. துவரம் பருப்புடன் வேகவைத்துக் கடைந்து, பூண்டும் வரமிளகாயும் தாளித்தால் களிக்கு ஏற்ற மசியல் ஆகும். வடகர்நாடகத்தில் இதனை விருப்பத்துடன் உண்கிறார்கள்.

தை மாதத்தில் காய் பாலேறிய பருவத்தில் செடியோடு பிடுங்கிக் கட்டாகக் கட்டி விற்பது பச்சைக் கடலை. வயல் வரப்பில் சருகைக் கொளுத்தி, செடியோடு அதன்மேல் வாட்டி, கருகிய தோலை ஊதிவிட்டுச் சூட்டோடு தின்பதில் உள்ள ருசியை நமது சிறுவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. உரித்த பச்சைக் கடலையைக் கத்தரிக்காயுடன் குழம்பு வைக்கலாம். தேங்காய் துருவிப் பொரியலும் செய்யலாம்.

இங்கே கண்டிப்பான ஓர் எச்சரிக்கை உண்டு. காய்த் துளைப்பான் புழுவுக்காக மருந்து தெளித்த வயலில், மருந்தின் உறையில் குறித்த காத்திருப்பு நாட்கள் கழியுமுன் கொழுந்தும் கிள்ளலாகாது. பச்சைக் கடலையும் பிடுங்கலாகாது. முந்தின நாள் தெளித்துவிட்டு மறுநாள் கட்டுக் கட்டிப் பெங்களூர் ரஸ்தாவில் விற்பவன், தன் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பிறர் பிள்ளைகளுக்கும் நஞ்சு கொடுப்பவனாவான். வீட்டு உபயோகத்துக்கு நாலைந்து சால்களை மருந்தின்றி ஒதுக்கி, இனக்கவர்ச்சிப் பொறி வைத்தும், பறவைகள் அமரக் குச்சி நட்டும், புழுவைக் கையால் பொறுக்கியும் காப்பது உசிதம். அவ்வாறே, மருந்தில் புரட்டிய வித்துக் கடலை மிஞ்சினால் அதைக் கழுவிச் சமைக்கும் துணிவு யாருக்கும் வரலாகாது. அது மண்ணுக்கே உரியது.

5. சுண்டலும் கடலைச் சாறும்

சுண்டலை அறியாதார் இல்லை. நவராத்திரி ஒன்பது நாளும், விநாயக சதுர்த்தியன்றும், கோயில்களிலும் வீடுகளிலும் அது வழங்கப்படுகிறது. 250 கிராம் கடலையை முன்சொன்னபடி வேகவைத்து வடித்து, எண்ணெயில் கடுகு, உளுந்து, வரமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, உப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் புரட்டினால் போதும். இறக்கியபின் எலுமிச்சை பிழிவது ருசிக்காக மட்டுமன்று. அதிலுள்ள வைட்டமின் சி, கடலையிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ளத் துணைசெய்கிறது. சுண்டல் தின்ற கையோடு தேநீர் குடிப்பது இதற்கு நேர்மாறான பலனைத் தரும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கலாம்.

சுண்டலுக்கு வடித்த நீரை என்செய்வது? இவ்விடத்தில் நமது எல்லைப்புறத்து அடுக்களை மற்ற ஜில்லாக்களுக்கு ஆசிரியனாக இருக்கத் தகுந்தது. கன்னடத்தார் பஸ்ஸாரு என்று சொல்லும் முறை நம்முடைய வீடுகள் பலவற்றிலும் உண்டு. அதன் விவரம் வருமாறு.

ஊறிய கடலை 200 கிராமை மூழ்கும் அளவுக்கு மேலும் இரண்டு மடங்கு நீர் விட்டு வேகவைக்கவும். முக்கால் வேக்காட்டுக்குமேல் ஒரு கட்டுக் கீரையை அரிந்து அதில் போட்டு, வெந்ததும் யாவற்றையும் வடிகட்டவும். வடிநீர் தனியே இருக்கட்டும். வெந்த கடலையில் ஒரு கைப்பிடி எடுத்து, வறுத்த வரமிளகாய், தனியா, சீரகம், பூண்டு, வெங்காயம், சிறிது தேங்காய், கொட்டைப்பாக்களவு புளி ஆகியவற்றுடன் விழுதாக அரைத்து வடிநீரில் கரைத்து, உப்பிட்டு ஒரு கொதி வரவிட்டுத் தாளிக்கவும். இதுவே சாறு. மிகுந்த கடலையையும் கீரையையும் வரமிளகாய் தாளித்துத் தேங்காய் தூவிப் பொரியலாக்கவும். ஒரே அடுப்பில், ஒரே வேகலில், களிக்குச் சாறும் தொடுகறியும் கிடைக்கின்றன. நீரில் இறங்கிய சத்தில் ஒரு துளியும் சாக்கடைக்குப் போவதில்லை.

ஊறிய கடலையை ஈரத் துணியில் ஓர் இரவு கட்டிவைத்தால் முளைவிடும். முளைத்த கடலையில் வைட்டமின் சி புதிதாக உண்டாகிறது. இரும்புச் சத்தும் எளிதில் உடலில் சேருகிறது. ஆயினும் வெதுவெதுப்பான ஈரத்தில் கிருமிகளும் வளரக்கூடுமாதலால், முளைப்பயறைப் பச்சையாக உண்ணாமல் ஆவியிலாவது வேகவைத்து உண்பதே பத்திரமானது.

6. பருப்பும் ஒப்பட்டும்

யுகாதி வந்தால் எல்லைப்புறத்தில் ஒப்பட்டு இல்லாத வீடு அபூர்வம். தமிழர் போளி என்பதும், கன்னடத்தார் ஒப்பட்டு அல்லது ஹோளிகெ என்பதும், தெலுங்கர் பொப்பட்டு என்பதும் ஒன்றே. சிலர் துவரம் பருப்பிலும் செய்வர். கடலைப் பருப்பில் செய்வது பூரணம் பிரியாமல் நிற்கும். பருப்பு அரைக் கிலோவை விரலால் நசுங்கும் பதத்தில் வேகவைத்து வடித்து, அதே எடை வெல்லம் சேர்த்துக் கிளறி, ஏலக்காய் இட்டு அரைத்துக்கொள்ள வேண்டும். மெல்லிய மாவு வட்டத்துக்குள் பூரணத்தை வைத்து மூடித் தட்டி, கல்லில் நெய் விட்டுச் சுட்டெடுப்பர். குழையவிட்டால் பூரணம் தளர்ந்துவிடும். அரைவேக்காடாக இருந்தால் மாவைக் கிழிக்கும்.

பருப்பு வடித்த நீரையும் சிறிது பூரணத்தையும் கொண்டு அன்று மத்தியானமே ஒப்பட்டுச் சாறு வைப்பது நமது பெண்மணிகளின் திறமை. புளியும் காரமும் இனிப்பும் கலந்த அச்சாறு மறுநாள் மேலும் ருசிக்கும். பண்டிகை நாளிலும் வடிநீரை வீணாக்காத வீடு, ஏனைய நாட்களில் அதைக் கொட்டுவதற்குக் காரணமே இல்லை.

7. பொட்டுக்கடலை

கடலையைச் சற்றே நனைத்து வைத்திருந்து, கொதிக்கும் மணலில் வறுத்து, ஆறவிட்டு மீண்டும் வறுத்துத் தோலுடைத்து எடுப்பது பொட்டுக்கடலை. ஏற்கெனவே வெந்த பொருளாதலால் இதற்கு அடுப்பு வேண்டியதில்லை. இட்லிக்குச் சட்னி, வெல்லப் பாகில் உருண்டை, முறுக்கு மாவில் ஒரு பங்கு என இதன் உபயோகங்கள் பல. ஆயுத பூஜையன்று ஓசூர் ஆலைகளில் இயந்திரங்களுக்குப் பூஜை செய்து பொரியும் பொட்டுக்கடலையும் வழங்குவது வழக்கம். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அவ்வாலைகளில் வேலை செய்கிறார்கள். அன்று ஒரு நாள் பையில் கடலையுடன் வீடு திரும்பும் பிள்ளை, மற்ற நாட்களில் இரவு முறையில் பசி எடுக்கும்பொழுது பன்னும் தேநீருமே உண்கிறான். வேகவைத்த சுண்டல் ஒரு டப்பாவோ, பொட்டுக்கடலை ஒரு பொட்டலமோ கொடுத்தனுப்புவது பெற்றோர் கையில் உள்ளது.

அதே ஆலைகளில் வேலை செய்யும் பீகார் மாநிலத்தாரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளத்தக்க ஒன்றுண்டு. அவர்கள் வறுத்த கடலையை அரைத்து வைத்துக்கொண்டு, அம்மாவை நீரில் கரைத்து, உப்பும் வெங்காயமும் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்து வெயில் காலத்தில் பருகுகிறார்கள். அதற்குச் 'சத்து' என்றே பெயர். வயலுக்குப் போகும் நம்மவருக்கும் இது நீர் மோரைப்போலக் குளிர்ச்சியும், அதனினும் மேலான பலமும் தரும்.

குழந்தைகளுக்கு: வறுத்த ராகி மூன்று பங்கு, பொட்டுக்கடலை ஒரு பங்கு சேர்த்து மாவாக்கிச் சலித்து வைத்துக்கொள்ளவும். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் இம்மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுக்கத் தொடங்கலாம். எக்காரணத்தாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கையில் முழுக் கடலையோ பொட்டுக்கடலையோ கொறிக்கக் கொடுக்கலாகாது. சிரிக்கும்பொழுதோ ஓடும்பொழுதோ அது மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

8. வாங்கும் மாவில் கலப்படம்

வீட்டுக் கடலையை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு மற்றொரு காரணம் கலப்படம். கேசரிப் பருப்பு என்பது கடலைப் பருப்புக்கும் துவரம் பருப்புக்கும் இடையே கலக்கப்பட்டுவந்த மலிவான பருப்பு. அதனை மாதக் கணக்காக மிகுதியாக உண்டவர்களுக்குக் கால்கள் முடங்கிப்போன துயரம் வட இந்தியாவில் பலமுறை நேர்ந்திருக்கிறது. இதனாலேயே 1961இல் அதை மனித ஆகாரமாக விற்பது தடைசெய்யப்பட்டது. கடலைப் பருப்பு அரைக்கோளமாய் உருண்டிருக்கும். கேசரிப் பருப்போ ஒரு பக்கம் சரிந்து, கோடாலி முனைபோலச் சதுரமாகத் தோன்றும். பருப்பாக இருக்கும்வரை கண்ணால் பிரிக்கலாம். மாவானபின் பிரிக்க வழியில்லை.

மாவுக்கு மஞ்சள் நிறம் ஏற்ற மெட்டானில் மஞ்சள் என்னும் தகாத சாயத்தைச் சேர்ப்பாரும் உண்டு. அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில துளி விட்டால் அத்தகைய மாவு கருஞ்சிவப்பாக மாறும். அமிலத்தை வீட்டில் கையாளுவது ஆபத்து. பள்ளிக்கூட இரசாயன ஆசிரியரைக் கொண்டோ, உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் ஒப்படைத்தோ பரிசோதிப்பதே முறை. தன் கடலையை உடைத்துத் தன் கண்முன் மில்லில் அரைத்துக்கொள்ளும் குடியானவனுக்கு இப்பரீட்சை எதுவும் தேவையில்லை.

9. சேமிக்கும் முறை

"வைத்தால் வண்டடிக்கும், அதனால் விற்றுவிடுகிறோம்" என்பதே நான் எங்கும் கேட்கும் சமாதானம். பயறு வண்டு வயலிலேயே காயின்மேல் முட்டையிட்டுக் களஞ்சியத்துக்கு வருவதும் உண்டு. ஆகவே அறுவடைக்குப்பின் நன்றாகக் காயவைப்பதே முதல் வேலை. பல்லில் கடித்தால் நசுங்காமல் படீரென்று உடையும் பதம் வரவேண்டும். வெயிலில் காய்ந்ததை ஆறவிட்டு, காற்றுப் புகாமல் மூடக்கூடிய டிரம்மில் விளிம்புவரை நிரப்பி மூடவும். பாதி நிரம்பிய டிரம்மில் வண்டுக்குக் காற்றுக் கிடைக்கும்.

உண்பதற்கு வைக்கும் கடலையில் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெயோ வேறு சமையல் எண்ணெயோ தடவிப் பிசறினால், தோல்மேல் முட்டை ஒட்டிப் பொரிப்பது குறையும். வேப்பெண்ணெயை வித்துக்கு மட்டுமே உபயோகிக்க. இல்லத்துப் பங்கில் ஒரு பகுதியைத் தாமதியாமல் பருப்பாக உடைத்துவைப்பதும் உபாயமே. உடைத்த பருப்பில் இவ்வண்டு முழுக் கடலையில்போல் பெருகுவதில்லை. 100 கிலோ கடலையை உடைத்தால் 70 முதல் 75 கிலோ பருப்புக் கிடைக்கும். தவிடும் குருணையும் கறவை மாட்டுக்கு நல்ல தீனி.

10. இல்லத்துப் பங்குக் கணக்கு

ஐந்து பேர் உள்ள குடும்பம் வாரத்தில் இரண்டு நாள் கடலை உண்பதாகவும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் என்றும் கொள்வோம். வாரத்துக்கு அரைக் கிலோ. வருஷத்துக்கு 26 கிலோ. பண்டிகைப் பருப்பு, மாவு, பொட்டுக்கடலை ஆகியவற்றுக்கு ஏறக்குறைய அதே அளவு சேர்த்தால் 50 கிலோவுக்குச் சற்றே மேல். அதாவது அரை மூட்டை. மானாவாரியில் ஏக்கருக்கு 300 கிலோ விளைந்தாலும் இது ஆறில் ஒரு பங்கேயாகும். ஐந்து பங்கை விற்கவும். ஒரு பங்கை வாசலுக்கு வெளியே விடவேண்டாம். விலை பேசுமுன் வித்துக்கு ஒதுக்குவதுபோலவே வீட்டுக்கும் ஒதுக்கிவிட்டால் பின்னர் மனம் மாறாது. தேசியப் போஷணை ஸ்தாபனம் நாளொன்றுக்கு ஒருவருக்குச் சுமார் 85 கிராம் பயறு வகைகளைச் சிபாரிசு செய்கிறது. ஏனைய நாட்களில் நமது மண்ணுக்கே உரிய கொள்ளும் அவரையும் துவரையும் அந்த இடத்தை நிரப்பட்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு விண்ணப்பம். அறுவடைக் காலத்தில் குடிகளைச் சந்திக்கும்பொழுது மகசூலைக் கேட்பதுடன், வீட்டுக்கு எவ்வளவு வைத்தீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். கேள்வி கேட்கப்படுகிறது என்பதே பலருக்கு நினைவூட்டலாகும். பச்சைக் கடலை விற்பனைக் காலத்தில் மருந்தின் காத்திருப்பு நாட்களைக் கிராமத்தில் தெரிவிப்பதும் பேருதவியாகும்.

சுருங்கச் சொன்னால்:

கடலையை ஓர் இரவு ஊறவைத்து, மென்மையான நீரில் வேகவையுங்கள்.
புளியைக் கடலை வெந்தபின் சேருங்கள்.
ஊறிய நீரைக் கொட்டுங்கள். வெந்த நீரைச் சாறாக்குங்கள்.
கடலையைக் களியுடன் சேர்த்து உண்ணுங்கள், எலுமிச்சையை மறவாதீர்கள்.
மருந்து தெளித்த வயலில் நாள் கழியுமுன் கொழுந்தோ காயோ பறிக்காதீர்கள்.
ஆறில் ஒரு பங்கை நன்றாகக் காயவைத்து வீட்டில் நிறுத்துங்கள்.

தளிப் பக்கத்துப் பாட்டியம்மாள் அன்று எனக்குப் பரிமாறிய களியையும் சாற்றையும் உண்டு முடித்தபின், "இக்கடலை எங்கே வாங்கியது?" என்று கேட்டேன். "வாங்குவதாவது! நம் கொல்லையில் விளைந்தது. இவன் விற்கப் போகுமுன் நான் இரண்டு குடம் எடுத்து வைத்துவிடுவேன்" என்று மகனைக் காட்டிச் சொன்னார். அந்த இரண்டு குடம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கவேண்டும் என்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.